சால்கோசயனைட்: ரீட்வெல்ட் ஏன் பொருந்தவில்லை?

துத்தம்_பெங்களூரு:
மயில்துத்தத்தை (நீல காப்பர் சல்பேட்) நீர் போகச் சூடாக்கி, எரிமலைக் கனிமமான சால்கோசயனைட்டின் (நீரற்ற காப்பர் சல்பேட்) கட்டமைப்போடு ஒப்பிடப் பார்க்கிறேன். 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்ததும் தூள் வெளுத்துவிட்டது. ஆனால் எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் சிதறலில்) 18.7 டிகிரிக் கோணத்தில் வேண்டாத ஓர் உச்சம். மறு ஸ்கேனில் இன்னும் உயர்கிறது. சிஐஎஃப் கோப்பில் (படிகக் கட்டமைப்புத் தரவு) ஸ்பேஸ் குரூப், அதாவது சமச்சீர் வகை, பிபிஎன்எம் (Pbnm). நான் அதே சமச்சீரை வேறு அச்சு வரிசையில் பிஎன்எம்ஏ (Pnma) என்று போட்டு, படிக அலகை 8.41, 6.71, 4.83 ஆங்ஸ்ட்ராம் என்று மாற்றினேன். ரீட்வெல்ட் ஃபிட் (கணக்கிட்ட வரைபடத்தை அளந்ததோடு பொருத்துவது) வரவே இல்லை.

கனிமப்பெட்டி:
18.7 சால்காந்தைட்டுடையது, அதாவது ஐந்து நீருள்ள துத்தம். பெங்களூரு மழைக்காலக் காற்றில் திறந்த ஹோல்டரில் வைத்தால் தூள் நீரைத் திரும்பக் குடிக்கும். வெசூவியஸிலும் இந்தக் கனிமம் சூடான ஆவித்துளைகளில் உருவாகி, ஈரம் பட்டதும் நீலமாகிவிடுகிறது.

நிறத்தை நம்பாதீர்கள். ஒரு நீர் மிச்சமிருந்தாலும் தூள் வெளுப்பாகத்தான் தெரியும். எடை பாருங்கள்: 2.000 கிராம் துத்தம் 1.42-இல் நின்றால் ஒரு நீர் போகவில்லை, 1.278 வரவேண்டும். முதலிலேயே அரைத்துவிட்டு 280 டிகிரியில் 2 மணி நேரம் வையுங்கள். டெசிகேட்டரில் (ஈரம் புகாத கலத்தில்) ஆறவிட்டு, உடனே காப்டான் என்ற பிளாஸ்டிக் படலம் மூடிய ஹோல்டரில் ஏற்றுங்கள். சூடான பின் கல்வத்தில் அரைத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

அச்சுமாற்றி:
அலகை மாற்றினீர்கள், அணு ஆயங்களை (அலகுக்குள் ஒவ்வோர் அணுவும் இருக்கும் எக்ஸ், ஒய், இசட் இடங்களை) மாற்றினீர்களா? கந்தகத்தின் வரியில் 0.25 எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிபிஎன்எம்மில் அது இசட். பிஎன்எம்ஏவில் ஒய்யாக வேண்டும். பழைய ஒய், இசட், எக்ஸ்தான் புதிய எக்ஸ், ஒய், இசட். செம்பு 0,0,0-விலேயே இருக்கும். சரியானால் 21.2, 25.0, 34.2 அருகே வலுவான உச்சங்கள் வரும்.

செம்பைச் சூழ்ந்த ஆறு ஆக்சிஜன்களின் எண்முகிகள் விளிம்பைப் பகிர்ந்து பி அச்சு வழியே சங்கிலியாக ஓடுகின்றன. செம்புக்குச் செம்பு 3.35 ஆங்ஸ்ட்ராம், பி நீளத்தில் சரிபாதி. சல்பேட் நான்முகிகள்தான் சங்கிலிகளைக் கோக்கின்றன. செம்பு–ஆக்சிஜன் தூரங்கள் சுமார் 1.9, 2.0, 2.4 என்று மூன்று விதமாக வரும். அது யான்–டெல்லர் நீட்சி (செம்பு அயனியின் எலக்ட்ரான் அமைப்பால் சில பிணைப்புகள் நீள்வது), பிழையில்லை, சமமாக்கிவிடாதீர்கள். கந்தகம்–ஆக்சிஜன் தூரத்தை மட்டும் 1.47-க்கு அருகே கட்டுப்படுத்துங்கள்.

கனிமப்பெட்டி:
அவசரத்தில் 650-ஐத் தாண்டவும் வேண்டாம். சல்பர் ட்ரைஆக்சைடு கிளம்பி, பழுப்பு டோலரோபனைட் (இன்னொரு செம்பு சல்பேட் கனிமம்) வந்துவிடும். அதில் கந்தகத்தோடு சேராத ஓர் ஆக்சிஜனை நான்கு செம்பு சூழ்ந்திருக்கும், கட்டமைப்பே வேறு. ஃபியூம் ஹூட் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

துத்தம்_பெங்களூரு:
எடை 1.43. ஒரு நீர் அப்படியே இருக்கிறது. ஆயங்களையும் மாற்றவில்லை. 280-இல் மறுபடி வைக்கிறேன்.