நூறு நாள் வேலைக் கூலி ஏறிவிட்டது என்கிறார்கள், அம்மாவின் பாஸ்புக்கில் இல்லை. எங்கே போயிருக்கும்?

மன்னை மகள் · 9 ஜூன் 2024

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் வேலை செய்கிறேன். அம்மா மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார், வயது 61. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மூன்று வாரம் நூறு நாள் வேலைக்குப் போனார். வாரத்துக்கு 6 நாள், மொத்தம் 18 நாள். 2024-25க்கு அறிவித்த கூலி 319 ரூபாய். செய்த வேலையை அளவெடுத்ததில் நாளுக்கு 290 வந்திருக்கிறது. ஆக 5,220 ரூபாய் வர வேண்டும்.

பணித்தளப் பொறுப்பாளரைக் கேட்டால் "உங்க கணக்குல ஏறிடுச்சும்மா" என்கிறார். ஒன்றிய அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திருப்பியே காட்டியிருக்கிறார்கள். மூன்று வாரக் கூலியும் வரவு வைக்கப்பட்டதாகத்தான் இருக்கிறது. வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டால் ஒன்றுமே இல்லை. கவுன்டரில் "ஆதார் லிங்க் ஆகியிருக்கு, எங்க பக்கம் பிரச்சினை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்படி இரண்டு முறை 14 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வந்துவிட்டார்.

போன வருடம் செப்டம்பரில் வேலை செய்த கூலி இதே கணக்கில்தான் ஒழுங்காக வந்தது. இப்போது மட்டும் ஏன் இப்படி? வேறு யாராவது எடுத்துவிட்டார்களோ என்று அம்மா பயப்படுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சை வாசி · 9 ஜூன்

அந்த வங்கி சமீபத்தில் வேறு வங்கியோடு இணைந்ததா? அப்படியானால் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கும். சின்டிகேட் வங்கி 2020-ல் கனராவோடு சேர்ந்தபோது எங்கள் வீட்டில் இதே தொல்லை. பழைய ஐஎஃப்எஸ்சி கொடுத்த இடத்திலெல்லாம் பணம் திரும்பிப் போனது. ஒன்றிய அலுவலகத்தில் புது ஐஎஃப்எஸ்சி கொடுத்துப் பாருங்கள்.

உதவும் கரம் · 9 ஜூன்

அம்மாவின் ஆதார் எண்ணையும் வங்கிப் பெயரையும் இங்கே போடுங்கள். எனக்குத் தெரிந்தவர் இ-சேவை மையத்தில் இருக்கிறார், பார்த்துச் சொல்லச் சொல்கிறேன்.

பழைய காசாளர் · 9 ஜூன்

முதலில் ஒன்று. ஆதார் எண்ணை இங்கே போடாதீர்கள் சகோதரி. கேட்டவர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். ஆனால் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மெஷினுக்கு ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை என்று மூன்றே மூன்றுதான் வேண்டும். அதில் இரண்டைப் பொது இடத்தில் எழுதி வைப்பது சரியில்லை. இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், வழி சொல்கிறேன்.

நான் 31 வருடம் வங்கியில் இருந்தவன். கடைசி ஆறேழு வருடம் கவுன்டரில் அதிகமாகக் கேட்ட கேள்வியே இதுதான்.

தஞ்சை நண்பர் சொன்ன ஐஎஃப்எஸ்சி இங்கே பொருந்தாது. ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து உள்ள குறியீடு. முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது பூஜ்யம், மீதி ஆறும் கிளை. கணக்கு எண்ணோடு அதையும் கொடுத்தால் பணம் நேராக அந்தக் கிளையின் அந்தக் கணக்குக்குப் போகும். நூறு நாள் கூலியும் முன்பு பலருக்கு அப்படித்தான் போனது. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாக மட்டுமே போட வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கிவிட்டது. செப்டம்பர் கூலி சரியாக வந்து மே மாதக் கூலி வராமல் போனதற்குக் காரணம் இங்கேதான் இருக்க வேண்டும்.

ஆதார் வழியில் கணக்கு எண்ணும் கிடையாது, ஐஎஃப்எஸ்சியும் கிடையாது. அரசு அனுப்பும் கோப்பில் அம்மாவின் 12 இலக்க எண்ணும் தொகையும் இருக்கும். அது வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் ஏற்பாட்டை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனத்துக்குப் போகும். அங்கே மேப்பர் என்று ஒரு பெரிய பேரேடு இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஆதார் எண்ணுக்கும் எதிரே ஒரே ஒரு வங்கியின் எண்தான் எழுதியிருக்கும். ஐ.ஐ.என். என்பார்கள், ஆறு இலக்கம். கவனியுங்கள், வங்கியின் எண் மட்டும்தான். கிளையும் கணக்கும் அந்தப் பேரேட்டுக்குத் தெரியாது. அது காட்டும் வங்கிக்குப் பணம் போனபின், "இந்த ஆதாருக்கு நம்மிடம் எந்தக் கணக்கு" என்று அந்த வங்கி தன் கம்ப்யூட்டரில் தேடி வரவு வைக்கும்.

மேப்பரில் ஒரு ஆதாருக்கு ஒரே வங்கிதான் நிற்க முடியும். கடைசியாக எந்த வங்கி பதிவு செய்ததோ அதுதான் நிற்கும், பழையது போய்விடும். அம்மா பிற்பாடு எங்காவது ரேகை வைத்து இன்னொரு கணக்கு திறந்திருந்தால் பணம் அங்கே போயிருக்கும். அரசுக்கு "வரவு வைத்தாயிற்று" என்று பதில் வந்திருக்கும். அது பொய்யும் இல்லை.

அப்புறம் கவுன்டரில் சொன்ன "ஆதார் லிங்க்". இந்த ஒரு சொல்தான் இத்தனை பேரை அலைக்கழிக்கிறது. கணக்கு யாருடையது என்று காட்டுவதற்காக, கே.ஒய்.சி.க்கு ஆதார் கொடுத்திருந்தாலும் லிங்க் என்கிறார்கள். மானியமும் கூலியும் இங்கே வரட்டும் என்று மேப்பரில் பதிவு செய்வதையும் லிங்க் என்கிறார்கள். இரண்டாவதற்குப் பெயர் சீடிங். அதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஊழியர் முதலாவதைப் பார்த்துவிட்டு சரி என்று சொல்லியிருப்பார்.

பார்க்கும் வழி: ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் அம்மாவின் ஆதாரோடு பதிவான மொபைலுக்கு வரும் ஓடிபியைப் போட்டு உள்ளே போங்கள். "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்று ஒரு பகுதி இருக்கும். வங்கியின் பெயர், நடப்பில் இருக்கிறதா, எந்தத் தேதியில் பதிவானது, மூன்றும் வரும். கணக்கு எண் வராது, அது அங்கே இல்லவே இல்லை. பட்டன் போன் என்றால் *99*99*1# அடித்தும் பார்க்கலாம்.

மன்னை மகள் · 10 ஜூன்

ஐயா, மிகவும் நன்றி. ஆதாரில் இருப்பது தம்பியின் நம்பர், அவன் கோயம்புத்தூரில் இருக்கிறான். இரவே ஓடிபி வாங்கிப் பார்த்தோம். வாழ்த்துகள், இணைப்பு நடந்திருக்கிறது என்று பச்சை நிறத்தில் வந்தது. கீழே இருந்த வங்கிப் பெயர் அம்மாவுடையது இல்லை! ஒரு பேமெண்ட்ஸ் பேங்க் பெயர். பதிவான தேதி 2023 நவம்பர்.

அம்மாவிடம் கேட்டேன். முதலில் ஒன்றும் நினைவில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே போன் செய்தார். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது கடைத்தெருவில் குடை போட்டு இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்களாம். போன் நம்பரையும் ஆதாரையும் வாங்கி, ரேகை வைக்கச் சொல்லி, ஒரு அட்டை கொடுத்தார்களாம். நூறு ரூபாயும் கட்டியிருக்கிறார். அந்த அட்டை சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. "அது வங்கிக் கணக்குன்னு எனக்குத் தெரியாதும்மா" என்று அழுகிறார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இன்ன விஷயத்துக்கு என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

இப்போது அந்தப் பணத்தை எப்படி எடுப்பது? அந்த வங்கிக்கு எங்கள் ஊரில் கிளையே இல்லை.

சட்டம் தெரிந்தவன் · 10 ஜூன்

வங்கிக் கணக்குக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. எல்லா வங்கியிலும் ஆதாரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பிரச்சினையே தீர்ந்துவிடும்.

பழைய காசாளர் · 10 ஜூன்

நண்பரே, பாதி சரி. கணக்கு வைத்திருக்க ஆதார் இணைத்தே ஆக வேண்டும் என்ற விதியை அந்தத் தீர்ப்பு நீக்கியது. ஆனால் அரசுப் பணத்திலிருந்து வரும் உதவிகளுக்கு ஆதார் கேட்கலாம் என்ற ஆதார் சட்டத்தின் 7-வது பிரிவை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. நீங்கள் சொல்வதுபோல் எல்லா இடத்திலும் நீக்கிவிட்டால் மேப்பரில் அந்த அம்மாவின் எண்ணுக்கு எதிரே எந்த வங்கியும் இருக்காது, அடுத்த வாரக் கூலி போக இடமில்லாமல் திரும்பிவிடும். உடலை வருத்திச் சம்பாதித்த கூலியையும் இந்த வழியில் மட்டும்தான் தருவோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இன்றைக்கு அந்த அம்மாவுக்குப் பணம் கைக்கு வர வேண்டும்.

சகோதரி, அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் அவர் பெயரிலேயே பத்திரமாக இருக்கிறது. 2017-ல் சிம் வாங்கும்போது வைத்த ரேகையை வைத்தே கணக்கு திறந்து, லட்சக்கணக்கானவர்களின் கேஸ் மானியம் அவர்களுக்கே தெரியாத கணக்குக்குப் போனது. படித்தவர்களும் அதில் மாட்டினார்கள்.

எடுப்பதற்குக் கிளை தேவையில்லை. ரேகை மெஷின் வைத்திருக்கும் வங்கிப் பிரதிநிதியிடமோ தபால்காரரிடமோ போகச் சொல்லுங்கள். மெஷினில் வங்கிகளின் பட்டியல் வரும். வழக்கமான வங்கியை அழுத்தக் கூடாது, மைஆதாரில் பார்த்த அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் பேலன்ஸ் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மினி ஸ்டேட்மென்ட், பிறகு பணம். ஒவ்வொரு தடவையும் சீட்டு கேட்டு வாங்க வேண்டும். "ரேகை சரியாக விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்று சொன்னால், முந்தைய முயற்சி தோல்வி என்று திரையில் வந்ததா என்று பார்த்துவிட்டே வைக்க வேண்டும். இரண்டு தடவை பணம் எடுத்துவிட்டு ஒரு தடவை மட்டும் கையில் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதன்பிறகு பழைய வங்கிக்குப் போய் சீடிங் படிவம் கேளுங்கள். "அரசு உதவிகளை இந்தக் கணக்கில் பெற என் ஆதாரை என்.பி.சி.ஐ. மேப்பரில் பதிவு செய்யவும்" என்பதோடு, "இப்போது இன்ன வங்கியில் இருப்பதை இங்கே மாற்றவும்" என்று ஒரு வரி இருக்கும். அதில் அந்த வங்கியின் பெயரை மறக்காமல் எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வர வேண்டாம்.

சிங்கை செல்வன் · 11 ஜூன்

இங்கே சிங்கப்பூரிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். 2017-ல் பேநவ் வந்தது. அடையாள அட்டை எண்ணை ஒரு வங்கிக் கணக்கோடு இணைத்தால் அரசு கொடுக்கும் தொகை நேராக அங்கே வந்துவிடும். இங்கும் ஒரு எண்ணுக்கு ஒரு கணக்குதான். ஆனால் வேறு வங்கிக்கு மாற்ற வேண்டுமென்றால் பழைய வங்கியில் நானே போய் நீக்கிவிட்டுத்தான் புதியதில் இணைக்க முடிந்தது. அந்த ஒரு படி இருந்ததால் என்ன செய்கிறோம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. குடைக்கடியில் ரேகை வாங்கியபோது அம்மாவிடம் அப்படி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

வேதை வனிதா · 11 ஜூன்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு ஒரே வங்கியில் இரண்டு கணக்கு. மேப்பரில் அந்த வங்கிதான் இருக்கிறது, ஆனால் பணம் நான் பார்க்காத கணக்கில் ஏறுகிறது.

பழைய காசாளர் · 11 ஜூன்

மேப்பரைத் தொட வேண்டாம். இரண்டில் எந்தக் கணக்கில் ஆதார் வரவு ஏற வேண்டும் என்பது வங்கியின் கம்ப்யூட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். கிளையில் எழுதிக் கொடுத்தால் அவர்களே மாற்றிவிடுவார்கள்.

மன்னை மகள் · 16 ஜூன்

லீவு போட்டு ஊருக்கு வந்து நானே அம்மாவோடு போனேன். ரேகை மெஷின் வைத்திருந்த அக்கா பொறுமையானவர். கட்டைவிரல் ஏறவே இல்லை. மண்வெட்டி பிடித்த கை, ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார், நான்கு தடவை சிவப்பு விளக்குதான். பிறகு அந்த அக்காவே ஈரத் துணி கொடுத்து மோதிர விரலை வைக்கச் சொன்னார். அது எடுத்தது. ஐயா சொன்னபடி வேறு வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து பேலன்ஸ் பார்த்தோம். 5,320 ரூபாய்! மினி ஸ்டேட்மென்டில் 1,740 மூன்று தடவை, அதற்கு முன் அம்மா கட்டிய 100. 5,000 எடுத்தோம். அம்மா சீட்டை மடித்து பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டார்.

பழைய வங்கியில் முதலில் அதே பதில்தான், லிங்க் ஆகியிருக்கிறது என்று. "லிங்க் இல்லை சார், சீடிங். மேப்பரில் வேறு வங்கி இருக்கிறது" என்று மைஆதார் பக்கத்தைக் காட்டினேன். உடனே படிவம் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். வியாழன் எழுதிக் கொடுத்தோம், நேற்று பார்த்தபோது பெயர் மாறியிருந்தது.

இன்னொரு கேள்வி. அம்மாவோடு வேலை செய்யும் இரண்டு பேருக்கும் கூலி வரவில்லையாம், அவர்களும் அந்தக் குடைக்கடியில் ரேகை வைத்தவர்கள். ஆனால் அவர்களின் ஆதாரில் மொபைல் நம்பரே இல்லை. ஓடிபி இல்லாமல் எப்படிப் பார்ப்பது? வேறு யாரும் பயன்படுத்தாதபடி ஆதாரில் அம்மாவின் ரேகையைப் பூட்டி வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், செய்யலாமா?

பழைய காசாளர் · 16 ஜூன்

ரொம்ப சந்தோஷம் சகோதரி.

அவர்கள் ஊர் தபால்காரரிடம் கேளுங்கள். பல ஊர்களில் தபால்காரரே வீட்டுக்கு வந்து ஆதாரில் மொபைல் நம்பரைச் சேர்த்துத் தருகிறார், அதற்கு ஒரு சிறு கட்டணம் உண்டு. வேறு ஆவணம் வேண்டாம், ரேகை போதும். அவரவர் கையில் இருக்கும் நம்பரையே கொடுக்கச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டு நம்பர் வேண்டாம். அதுவரை காத்திருக்க முடியாது என்றால், அவர்களுக்கும் அதே குடைதானே, ரேகை மெஷினில் அதே வங்கியின் பெயரைப் போட்டு பேலன்ஸ் பார்த்துவிடலாம்.

பூட்டுவது நல்ல பாதுகாப்பு. ஆனால் பூட்டினால் மெஷினில் பணமும் எடுக்க முடியாது. எடுக்கும்போதெல்லாம் கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி ஓடிபி வாங்கித் திறந்துவிட வேண்டும். முதலில் அம்மாவின் நம்பரை ஆதாரில் மாற்றுங்கள். பூட்டுவதை அப்புறம் பார்க்கலாம். அந்தக் கணக்கில் இன்னும் 320 ரூபாய் இருக்கிறது, அதையும் எடுத்துவிட்டுக் கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.