கரண்டு பெட்டிக்கு ஒரு பெயர் தேவை

அறிவியல் ஆசிரியை, பாளையங்கோட்டை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் மன்றம், மாணவர்களின் வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப 24 பக்கக் கையேடு ஒன்றை ஆயத்தம் செய்துவருகிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்தில் சேர்த்தாக வேண்டும். நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் வீட்டிலேயே செய்துகொள்ளப்படும் மின்கருவிகளைப் பற்றிய பகுதியில் பெயர் கிடைக்காமல் நின்றுவிட்டேன்.

ஹுல்டா கிளார்க் என்பவர் 1990களில் எழுதிய நூல்களால் பரவிய 'ஜாப்பர்' என்ற பெட்டியே இப்பகுதியின் முதன்மையான எடுத்துக்காட்டு. ஒரு 9 வோல்ட் மின்கலம், அலையை உண்டாக்கும் 555 டைமர் ஐ.சி. என்ற சில்லு ஒன்று, சில மின்தடைகள், மின்தேக்கிகள், கையில் பிடித்துக்கொள்ள இரண்டு செப்புக் குழாய்கள் ஆகியவையே அதன் உறுப்புகள். நொடிக்கு ஏறத்தாழ 30,000 முறை ஏறி இறங்கும் சதுர அலையை உடலில் செலுத்தினால் ஒட்டுண்ணிகள் மடியும் என்றும், புற்றுநோய் உட்பட எல்லா நோய்க்கும் ஒட்டுண்ணிகளே வேர் என்றும் அவர் எழுதினார். 7 நிமிடம் பிடித்து, இடையில் ஓய்வு விட்டு, மும்முறை செய்ய வேண்டுமாம். 2009இல் அவரே புற்றுநோயால் இறந்தார்.

எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று ஜாப்பருக்கு, மற்றொன்று இவ்வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவாக. 'மின்சிகிச்சைக் கருவி' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் 'சிகிச்சை' என்று பெயரில் சேர்த்தவுடனேயே நான் சான்றிதழ் கொடுத்துவிட்டதாக ஆகிறது. கண்டிக்க வேண்டிய ஒன்றுக்குக் கண்ணியமான பெயர் எப்படி வைப்பது?

தமிழாசிரியர் (ஓய்வு), கல்லிடைக்குறிச்சி:

ஆசிரியை அம்மா அவர்களுக்கு. 'மின்திமிரி' என்று வைக்கலாம். திமிர் என்பதற்கு இன்று செருக்கு என்றே பொருள் கொள்கிறார்கள். ஆனால் நெடுநேரம் சம்மணமிட்டு எழுந்தவர் 'கால் திமிர்த்துப் போயிற்று' என்று சொல்லும்போது அதன் பழம்பொருள் நாவில் இருக்கிறது. நம் பாளையங்கோட்டைத் தேவாலயங்களில் நாள்தோறும் வாசிக்கப்படும் விவிலியத் தமிழில் 'திமிர்வாதக்காரன்' வருவதை அறிவீர்கள். உணர்வற்று விறைத்தலே முதற்பொருள். விறைத்து நிற்பவனின் தோற்றத்திலிருந்து செருக்கு பிறந்தது என்பது என் துணிபு. சிறுவயதில் ஆனித் திருவிழாக் கடைகளில் பித்தளைக் கைப்பிடி இரண்டைப் பிடிக்கச் சொல்லி ஒருவர் சுழற்றுகோலைச் சுற்றுவார். முழங்கை வரை திமிர்த்துவிடும். வாதம் போகும் என்று கிழவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

இன்னொன்றையும் கூறிவிடுகிறேன். 'மின்னும் பின்னும் பன்னும் கன்னும் அந்நாற் சொல்லும் தொழிற்பெயர் இயல' என்பது தொல்காப்பியம். எனவே மின் என்னும் சொல் வல்லினத்துக்கு முன் உகரம் பெற வேண்டும். மின்கலம், மின்தடை, மின்தேக்கி என்று நாம் எழுதுவன யாவும் மின்னுக்கலம், மின்னுத்தடை, மின்னுத்தேக்கி என்றே இருந்திருக்க வேண்டும். ஆகவே சரியான வடிவம் 'மின்னுத்திமிரி'.

வானொலி பழுதுபார்ப்பவர், நெல்லை டவுன்:

ஐயாவின் இலக்கணத்தில் நான் தலையிட மாட்டேன். ஆனால் ஜாப்பர் எதையும் திமிர்க்கச் செய்வதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நான்கைந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தவன் நான். ஈரத் துணி சுற்றிப் பிடித்தால்கூட உடலில் ஓடுவது ஓரிரு மில்லி ஆம்பியர் அளவுதான். அதுவும் அந்த அலைவெண்ணில் கைக்குத் தெரிவதே இல்லை. விளக்கு எரிகிறதா என்று பார்த்துத்தான் பெட்டி வேலை செய்கிறதா என்று அறிகிறார்கள். ஐயா சொல்லும் திருவிழாப் பெட்டி வேறு. அது காந்தமும் சுருளும் கொண்டது. அதிர்ச்சி உண்மையிலேயே இருக்கும், பலன்தான் இராது.

என்னிடம் வருபவர்கள் எல்லாரும் 'கரண்டு பெட்டி' என்றே சொல்கிறார்கள். பழுது நீக்கித் தாருங்கள் என்பார்கள். சோதித்துவிட்டுப் பழுதில்லை என்றால், மூட்டுவலி குறையவில்லையே, ஆகவே பெட்டியில்தான் கோளாறு என்று வாதிடுவார்கள். இவர்களுக்குப் புரியாத சொல்லைக் கையேட்டில் அச்சிட்டால், தங்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது.

சித்த மருத்துவர், பாளையங்கோட்டை:

அண்ணாச்சி சொன்ன வேறுபாட்டை இன்னும் ஒரு படி நீட்ட வேண்டும். இயன்முறை மருத்துவர்கள் தோலில் ஒட்டுவில்லைகளை வைத்து, வலி தணிப்பதற்காக மென்மையான மின்துடிப்புகளைச் செலுத்துகிறார்கள். மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட வலிக் கோட்பாடு அதற்கு அடிப்படையாக அமைந்தது. அதன் பயன் எல்லை உள்ளதாயினும், அது மருத்துவக் கருவி. அதற்கு 'மின்னொத்தி' என்று பெயரிடலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். ஒற்றுதல், ஒற்றடம், ஒத்தடம் என்று வரும் சொல் நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் புரியும். தமிழாசிரியர் ஐயாவின் திமிரியும் பொருளளவில் இக்கருவிக்கே பொருந்தும்.

ஜாப்பருக்கு 'ஒத்தி' தரக்கூடாது. ஒத்தடம் என்றதும் இதம் என்ற பொருள் உடன் வந்துவிடுகிறது. என் துறையின் பெயரைச் சொல்லிக்கொண்டே இப்பெட்டிகளை விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் கூடுதல் கடுமையோடு எழுதுகிறேன்: மருத்துவம், சிகிச்சை, நிவாரணம், ஒத்தடம் ஆகிய நான்கும் அச்சொல்லில் இடம்பெறலாகாது.

மொழிபெயர்ப்பாளர், தென்காசி:

மருத்துவர் ஐயா சொல்வதே சரி; என் வேலையில் இதைத்தான் நாள்தோறும் பார்க்கிறேன். விற்பவன் வைத்த பெயரை அப்படியே தமிழாக்கினால் அவனுடைய பொய்யும் தமிழாகிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீடு வீடாக விற்ற 'வயலெட் ரே' கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த அழுத்தத்தில் வாயு அடைத்த கண்ணாடிக் குழாயில் உயர் அலைவெண் மின்சாரம் பாயும்போது வாயு ஊதா நிறத்தில் ஒளிர்கிறது. நோயைத் துளைத்துச் செல்லும் கதிர் எதுவும் அதில் இல்லை. முடி உதிர்வு முதல் மூட்டுவலி வரை தீரும் என்று விளம்பரம் செய்தார்கள். அதை 'ஊதாக்கதிர்க் கருவி' என்று ஒருவர் தமிழாக்கியிருந்தார். மெய்ப்புத் திருத்தியவர் அதைப் 'புறஊதாக்கதிர்க் கருவி' என்று மாற்றிவிட்டார். ஒரு பொய் இரண்டு பிழைகளாக வளர்ந்தது. அதன் வழித்தோன்றல் இன்றும் பியூட்டி பார்லர்களில் இருக்கிறது.

ஆகவே அக்கா, விற்பவன் பெயரை விட்டுவிட்டுப் பொருளின் இயல்பைப் பாருங்கள். கையில் செப்புக் குழாய். உள்ளே என்ன இருக்கிறது என்று அணிபவருக்குத் தெரியாது. நம்பினால் பலன் என்பார்கள். இதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: தாயத்து. 'மின்தாயத்து' என்று வையுங்கள். 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம்கூட, மாயத் தீர்வு என்பதற்கு விளக்கம் தரும்போது தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றையே அடுக்குகிறது. கேட்டவுடன் புரியும்; கருத்தும் சொல்லிலேயே இருக்கும். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', அதாவது காலத்துக்குப் பொருந்தினால் விலக்க வேண்டிய சொல் இல்லை என்று, தமிழாசிரியர் ஐயா காட்டிய தொல்காப்பியமே எனக்கு அனுமதி தருகிறது.

உறுப்பினர், மேலப்பாளையம்:

மின்தாயத்து என்ற சொல்லின் நயத்தை நானும் ரசித்தேன். ஆனால் எங்கள் தெருவில் பிள்ளையின் கழுத்தில் தாவீஸ், அதாவது தாயத்து, கட்டும் தாய், அதற்காக மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதில்லை. காலையில் ஓதி ஊதிவிட்டு மாலையில் ஊசி போட்டுக்கொண்டு வருவாள். தாயத்து யாருக்கும் சுற்றுவரைபடம் காட்டி அறிவியல் என்று சொல்வதில்லை. இந்தப் பெட்டியின் குற்றமே அறிவியல் வேடம் போடுவதுதான். வேடம் போடுபவனைக் குறிக்க, வேடம் போடாத ஒன்றன் பெயரைக் கடன் வாங்குவது முறையா?

தமிழாசிரியர் (ஓய்வு), கல்லிடைக்குறிச்சி:

தாயத்து அரபுச் சொல்லின் திரிபு என்பது அகராதிக்காரர் முடிவு. தாய் + அத்து என்று பிரித்து, தொப்புள்கொடியை உலர்த்திக் குழாயில் அடைத்த வழக்கத்தோடு பொருத்துவோரும் உளர். அப்பிரிப்பை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அங்கே 'அத்து' சாரியையாக நிற்க இலக்கணம் இடம்தராது. அயற்சொல் என்பதற்காகவே நான் அதை மறுக்கிறேன். 1930களில் இதே நெல்லையிலிருந்து இ. மு. சுப்பிரமணிய பிள்ளை அவர்கள் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்து, 1938இல் தொகுப்பு வெளிவந்தபோது, வடசொற்களைக் கலந்து எழுதியவர்களோடு எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதை நம் மாவட்டத்தார் மறக்கலாகாது. கரண்டு பெட்டி என்பதில் 'கரண்டு' ஆங்கிலம். மின்சாரப் பெட்டி என்றாலோ 'சாரம்' வடமொழி.

ஜாப்பர் திமிர்க்கச் செய்யாது என்று வானொலிக்காரர் சொன்னதை ஏற்கிறேன். திருவிழாப் பெட்டிக்கேனும் மின்னுத்திமிரியை வைத்துக்கொள்ளலாம்.

வானொலி பழுதுபார்ப்பவர், நெல்லை டவுன்:

நீங்கள் சொல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே நாளில் என் மேசைக்கு ஒரு பெட்டி வந்தது; அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அடிக்கடி 9 வோல்ட் பேட்டரி வாங்குவது செலவு என்று, யாரோ அதில் நேரடியாக வீட்டு மின்சாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. ஒரு கண்டன்சர், நான்கு டயோடு, ஒரு ஜீனர் ஆகியவற்றைக் கொண்டு 230 வோல்ட்டை 9 வோல்ட்டாக இறக்கியிருந்தார்கள். இரு குழாய்களுக்கும் இடையே அளந்தால் 9 வோல்ட்தான் காட்டும். செய்தவரும் அதை மட்டுமே அளந்து நிறைவடைந்திருப்பார். குழாய்க்கும் தரைக்கும் இடையே அளந்தபோது மீட்டர் முள் நூறைத் தாண்டி ஏறியது. ஈரத் துணி சுற்றிய குழாயைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பவரை நினைத்துப் பாருங்கள்.

கொண்டுவந்த அம்மாவிடம், இதை இனி பிளக்கில் செருகக்கூடாது என்று சொல்லி, வயரை வெட்டிவிட்டேன். பேட்டரியில் ஓட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றார். பெட்டியைக் கடையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஆகவே பெயர் எதுவானாலும் சரி. வீட்டு மின்சாரத்தில் ஓட்டுவதற்கும் பேட்டரியில் ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாடு முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் வர வேண்டும்.

அறிவியல் ஆசிரியை, பாளையங்கோட்டை:

அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். முடிவை எப்படி எடுத்தேன் என்று சொல்வது என் கடமை.

நேற்று ஒன்பதாம் வகுப்பில் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி, எது எதைக் குறிக்கும் என்று கேட்டேன். மின்னுத்திமிரி என்றதும் கடைசி வரிசை சிரிப்பில் மூழ்கியது. அந்தப் பெயரை ஒரு மாணவனுக்கே சூட்டிவிட்டார்கள். மின்தாயத்து என்றதும் ஒரே குரலாகப் பொருள் சொன்னார்கள். தென்காசித் தம்பியின் கணிப்பு சரியே. ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு பையன் சட்டைக் கையை மெல்லக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அவன் கையேட்டை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான். அந்தச் சொல்லை அழித்துவிட்டேன்.

தலைப்பில் 'கரண்டு பெட்டி' என்று அச்சாகிறது. உள்ளே, பொதுச்சொல் வேண்டிய இடங்களில் 'நோய்தீர்ப்பதாகச் சொல்லப்படும் மின்கருவி' என்று எழுதியிருக்கிறேன். அது சொல்லே அன்று, சொற்றொடர் என்று நீங்கள் கூறுவீர்கள், ஒப்புக்கொள்கிறேன். மருத்துவர் ஐயாவின் மின்னொத்தி, இயன்முறைக் கருவியை விளக்கும் இடத்தில் ஒருமுறை வருகிறது. அண்ணாச்சியின் எச்சரிக்கை, அவர் கேட்டபடியே முதல் பக்கத்தில், கட்டம் கட்டி வருகிறது.

மொழிபெயர்ப்பாளர், தென்காசி:

அக்கா, பையனைப் பற்றி எழுதியதைப் படித்தபின் வாதாட மனமில்லை. இருந்தாலும் 'சொல்லப்படும்' என்பதில் யார் சொல்வது என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்களுக்கு எழுதும்போது நான் மின்தாயத்து என்றே எழுதுவேன்.

தமிழாசிரியர் (ஓய்வு), கல்லிடைக்குறிச்சி:

சிரித்த மாணவர்களுக்கு என் ஆசிகள். கையேட்டின் படி ஒன்று அனுப்பிவையுங்கள். நீங்கள் மின்கருவி என்று அச்சிட்டிருந்தாலும் நான் மின்னுக்கருவி என்றே படித்துக்கொள்வேன்.