ஸ்கூல் எப்போ திறக்கும்? ஆளுக்கு ஒரு தேதி சொல்றாங்க

மஞ்சக்குப்பம் பொண்ணு:
வணக்கம். ஜூலை கடைசியில பையனோட அமெரிக்கா வந்தேன். கடலூர்ல ஜூன்லயே ஒண்ணாவது சேர்த்து, இப்ப டி.சி. வாங்கிட்டு வந்தாச்சு. பக்கத்து வீட்டம்மா, செப்டம்பர்லதான் திறக்கும், அது சட்டம்ங்கறாங்க. இவர் ஆபீஸ்ல ஒருத்தர் ரெண்டு வாரத்துல திறந்துடும்ங்கறார். இருக்கறது இவரோட ஃப்ரெண்டு வீடு, அக்ரிமெண்ட் எங்க பேர்ல இல்ல. சீட்டு போயிடுமோன்னு தூக்கமே இல்ல. தேதி சொல்லுங்க, ப்ளீஸ்.

ஓ.டி. அண்ணன், டெக்சாஸ்:
சட்டத்தை நம்பி உக்காந்திராதம்மா. இங்க ஆகஸ்ட் நாலாவது திங்கட்கிழமைக்கு முன்னாடி திறக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா 2015ல விலக்கு வாங்க ஒரு வழி விட்டாங்க. இப்ப நிறைய ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது ஒரு பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தற அமைப்பு, அதுக்கு முன்னாடியே திறந்துடுது. முதல்ல கார் வாங்குங்க. வந்த புதுசுல அந்த வெயில்ல பிள்ளையைத் தூக்கிட்டு நடந்தே போனோம்.

நெல்லிக்குப்பம், மிச்சிகன்:
அண்ணா, பயமுறுத்தாதீங்க. லேபர் டே, அதாவது செப்டம்பர் முதல் திங்கள் கழிச்சுதான். டூரிஸ்ட் சீசன் கெடக்கூடாதுன்னு 2006லேர்ந்து இங்க அதான் சட்டம். கார் அப்புறம், கனமான கோட்டு வாங்குங்க. முதல் குளிர்காலம் நான் அழுதே கழிச்சேன்.

ஓ.டி. அண்ணன், டெக்சாஸ்:
உங்க ஊர்லயும் விலக்கு வாங்கி ஆகஸ்ட்ல திறக்கறாங்களேம்மா.

லாஸ்பேட்டை, பிரான்ஸ்:
இங்க இந்தக் குழப்பம் இல்ல. மந்திரி ஆணை போட்டா நாடு முழுக்க ஒரே நாள். மூணு வயசுலேர்ந்து படிப்பு கட்டாயம். மேரிக்கு, அதாவது நகராட்சி ஆபீசுக்குப் போய்ப் பதிஞ்சா ஸ்கூல் ஒதுக்கிடுவாங்க. பாண்டியில அக்கா பிள்ளைங்களுக்கு சிபிஎஸ்இ ஆனதும் ஏப்ரல்லயே வகுப்பு. அந்த வெயில்ல குழந்தைங்க என்ன பாடுபடும்!

நெல்லிக்குப்பம், மிச்சிகன்:
கடலூர் மட்டும்? 2023ல வெயில்னு ஜூன் 1, 7, 12ன்னு தள்ளிட்டே போனாங்க. மழை லீவா, யூனிபார்ம் போட்டு நின்ன பிறகுதான் தெரியும்.

பாதிரிப்புலியூர் அக்கா, வட கரோலினா:
ஊர்க்கதை போதும்ப்பா, அந்தப் பொண்ணு தூங்காம இருக்கு. எந்த மாநிலம், பையன் பிறந்த தேதி என்னன்னு யாருமே கேக்கல. இங்க 2004 சட்டப்படி ஆகஸ்ட் 26க்குப் பக்கத்துத் திங்களுக்கு முன்னாடி திறக்கக்கூடாது. பீச் ஹோட்டல்காரங்க வியாபாரத்துக்காக வந்தது. லேட்டா திறக்கறதால செமஸ்டர் பரீட்சை கிறிஸ்துமஸ் லீவுக்கு அப்புறம் போயிடுது, பிள்ளைங்க லீவு முழுக்கப் புத்தகத்தோட இருக்கணும். எனக்கு அதுல இன்னும் கோபம். நீ சொல்லும்மா.

மஞ்சக்குப்பம் பொண்ணு:
வர்ஜீனியா அக்கா. அக்டோபர்ல ஆறு முடியும்.

பாதிரிப்புலியூர் அக்கா, வட கரோலினா:
அப்போ பக்கத்து வீட்டம்மா, ஆபீஸ்காரர் ரெண்டு பேர் சொன்னதிலயும் விஷயம் இருக்கு. அங்க 1986லேர்ந்து லேபர் டே கழிச்சுதான். 2019ல மாத்தி, ரெண்டு வாரம் முன்னாடியே திறக்கலாம்னுட்டாங்க. விலக்கு வாங்கினவங்க அதுக்கும் முன்னாடி. சட்டம் சொல்றது இதுக்கு முன்னாடி கூடாதுன்னு மட்டும்தான். உன் ஸ்கூல் தேதி உங்க கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) பள்ளி போர்டு காலண்டர்ல இருக்கும், இப்பவே பாரு. அரசுப் பள்ளியில சீட்டு போகாது, திறந்த பிறகும் சேர்த்துக்கணும். செப்டம்பர் 30க்குள்ள ஆறு முடியாததால ஒண்ணாவதுக்கு முந்தின கிண்டர்கார்டன்லதான் போடுவாங்க, மனசு விடாதே.

ஃப்ரெண்டு வீட்ல இருக்கறதுக்கு அவர் கையெழுத்துப் போட்டுத் தர ஃபாரம் உண்டு, டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல கேளு. பிறப்புச் சான்றிதழ்ல பையன் பேர் ஏறியிருக்கா பாரு. தடுப்பூசி அட்டைதான் இழுத்தடிக்கும்: நம்ம ஊர் அரசு அட்டையில சின்னம்மை ஊசி இருக்காது, இங்க கேப்பாங்க. டாக்டர் உடம்பைப் பார்த்து ஃபாரமும் நிரப்பணும். அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கறது கஷ்டம், காலையில முதல் வேலையா டாக்டருக்குப் போன் போடு.