சொத்துவரி எகிறினால் முதலில் அளவைப் பாருங்கள்

பெரம்பூரிலிருந்து:

சென்னையில் சொத்துவரி அதிகம் என்று மாநகராட்சிக்கு மனுக் கொடுக்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று. 2022 பொதுச் சீராய்வின், அதாவது எல்லோருக்கும் வரியை மாற்றியமைத்தபோது வந்த ஏற்றத்தின், சதவீதங்கள் அரசு முடிவு செய்தவை. அதற்காக மண்டல அலுவலகத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. வயிற்றெரிச்சல் நியாயம்தான். 1998-க்குப் பிறகு ஏறாமல் இருந்தது ஒரே அடியாகத் தலையில் விழுந்தது. ஆனால் நாம் கேள்வி கேட்கக்கூடிய இடம் வேறு: வீட்டின் அளவும் பயன்பாடும்.

2011-க்கு முந்தைய பழைய மாநகராட்சி எல்லைக்குள் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 50 சதவீத ஏற்றம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. எங்கள் வீடு 1,140 சதுர அடி. அரையாண்டுக்கு 1,640 ரூபாய் கட்டிவந்தோம். கணக்குப்படி 2,870 ஆகியிருக்க வேண்டும். கேட்டதோ 3,770.

பதிவில் எங்கள் பரப்பு 1,310 என்று ஏறியிருந்தது. அளந்தவர் பின்கட்டு அறையையும் எங்களோடு சேர்த்துவிட்டார். அது கொழுந்தனாரின் பாகம். தனி மதிப்பீட்டு எண், தனி வரி. ஒரே அறைக்கு இரண்டு குடும்பமும் கட்டுவதா? அதோடு 1,200-ஐத் தாண்டியதால் 100 சதவீத வரிசைக்கும் போய்விட்டோம். இந்த எல்லைக்கோடுகளுக்கு அருகில் வீடு இருப்பவர்கள் கட்டாயம் அளந்து பாருங்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரம், கட்டட வரைபடம், கொழுந்தனாரின் வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்து மனுக் கொடுத்தேன். ஒப்புகை முத்திரை வாங்காமல் நகரவில்லை. மறுபடி அளக்க வந்த பெண் அலுவலர் நாடாவின் ஒரு முனையை என் மகனிடம் கொடுத்துவிட்டு, பின்சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தார். "இந்தப் பக்கம் வாசலே இல்லையேம்மா, அந்த அறைக்கு எப்படிப் போவீர்கள்?" என்றார். முடுக்கு வழியாகச் சுற்றி அழைத்துப்போய்க் காட்டினேன். வரி 2,870-க்கு இறங்கியது.

தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். இனி வரும் ஏற்றங்களும் இந்தத் தப்பான தொகையின் மேல்தான் ஏறும்.

மடிப்பாக்கத்திலிருந்து:

அம்மா சொல்வது அளவு; எங்களுக்குப் பயன்பாட்டில் சிக்கல். எங்கள் பகுதி 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது; ஏற்றம் இங்கே 25 சதவீதத்திலிருந்து தொடங்கியது. அப்படியும் வரி எகிறியிருந்தது. கீழ்த்தளத்தில் முன்பு ஒரு தையல்கடை வாடகைக்கு இருந்தது. அவர்கள் காலி செய்து, மாமியார் அங்கே குடிவந்து வெகுகாலம் ஆகிறது. பதிவில் மட்டும் கடை கடையாகவே இருந்தது.

நேரில் போய் எத்தனை சொன்னாலும் "ஆதாரம் கொடுங்கள்" என்றார்கள். கைகொடுத்தது மின்கட்டண அட்டைதான். கடை காலியானதுமே வணிக வீதத்திலிருந்து வீட்டு வீதத்துக்கு மாற்றியிருந்தோம். அதைப் பார்த்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. கடையைக் காலி செய்பவர்கள் மின் இணைப்பை மாற்றும் கையோடு வரிப் பதிவுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், இரண்டும் தானாக ஒத்துப்போகாது.

பெரம்பூரிலிருந்து:

நல்ல தகவல் தம்பி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனு நிலுவையில் இருக்கிறதே என்று வரி கட்டுவதை நிறுத்தாதீர்கள்; தாமதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி ஏறும். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. மாநகராட்சி கேட்ட தொகையை நாங்கள் அப்படியே கட்டிவிட்டுத்தான் மனுவின் பின்னால் அலைந்தோம். கூடுதலாகப் போனதை அடுத்த அரையாண்டில் கழித்துக்கொண்டார்கள்.