ஞாயிறு ஆராதனை: வராதவர்களை யார் கவனிக்கிறார்கள்?

மணிக்கூண்டு:
வேதாகமத்தின் எபிரெயர் 10:25 வசனம் நம் பிரசங்கங்களில் வராதவர்களைத் திட்டுவதற்கே பயன்படுகிறது. "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த வரி "ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்". வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அதில் வேலை உண்டு. வாரந்தோறும் கூடுவதன் பெரிய பலன், யார் இல்லை என்பது ஏழு நாளைக்குள் தெரிந்துவிடுவதுதான் என்பேன். மாதம் ஒருமுறை கூடுகிற சங்கமாக இருந்தால், ஒருவர் படுக்கையில் விழுந்தது தெரியுமுன் அடக்க ஆராதனை அறிவிப்பே வந்துவிடும்.

இதைச் செய்ய வருகைப் பதிவேடு வேண்டாம். நம் ஜனங்கள் உட்காரும் இடத்தை லேசில் மாற்றுவதில்லை. வாசலில் நிற்பவருக்கு வருகிறவர்கள்தான் தெரிவார்கள். பின்வரிசையில் இருப்பவருக்கே காலி இடம் தெரியும். ஆண்கள் பக்கம் இரண்டு பேர், பெண்கள் பக்கம் இரண்டு பேர் போதும். பார்க்க ஏற்ற நேரம் பிரசங்கத்துக்கு முந்தைய பாடல். ஆரம்பத்தில் பார்த்தால் பிந்தி வருகிறவர்கள் விட்டுப்போவார்கள், அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து நேரத்தில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிறு காணவில்லை என்றால் விட்டுவிடலாம், ஏதாவது கல்யாண வீடாக இருக்கும். தொடர்ந்து இரண்டு ஞாயிறு என்றால் செவ்வாய்க்குள் போன். மூன்றாவது வாரம் நேரில். தனியாக வசிக்கும் முதியவர் என்றால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எட்டிப் பார்க்க வேண்டும். போனில் "ஏன் கோயிலுக்கு வரல?" என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் பொய்தான் பதிலாக வரும். "சௌக்கியமா இருக்கீங்களா? ரெண்டு வாரமா காணலையே" என்றால் உள்ளதைச் சொல்வார்கள்.

சங்கக்கணக்கு:
மணிக்கூண்டு பிரதர் சொன்னதோடு ஒன்று. விசாரிக்கப் போகிறவரும் சபைச் சந்தா வசூலிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. சபையை விட்டு மெல்ல விலகும் குடும்பங்களில் பலருக்குக் காரணம் விசுவாசக் குறைவல்ல, சந்தா பாக்கி. ஆறு மாதம் கட்டவில்லை, பெயரை எங்கே வாசித்துவிடுவார்களோ என்ற கூச்சம். ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால் அந்தக் குடும்பம் அடுத்த வாரமும் வராது. பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கத்தை இன்றைக்கே நிறுத்தலாம். அதனால் பணம் வந்ததைவிட ஆள் போனதே அதிகம்.

பவுல் 1 கொரிந்தியர் 16:2-ல் வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கச் சொல்கிறார். வாரக்கூலி வாங்கும் வீட்டுக்கு அதுதான் தோது. வருடச் சந்தாவை மொத்தமாகக் கேட்காமல் 52 கவராகப் பிரித்துக் கொடுத்தால் பாக்கி தானாகவே குறையும்.

காணிக்கை எண்ணுவதில் சுருக்கமாக: ஒரே குடும்பத்தைச் சேராத இருவர், அன்றைக்கே, ஆலயத்துக்குள்ளேயே, நோட்டு வாரியாக எழுதி இருவரும் கையெழுத்து, திங்கட்கிழமை வங்கியில். வீட்டுக்கு எடுத்துப் போய் எண்ணுவது எவ்வளவு நேர்மையானவர் செய்தாலும் பேச்சுக்கு இடம்தரும்.

பங்குப்பேரவை:
கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து. நோயாளிகளைத் தேடிப் போவது பிற்காலத்து ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ கி.பி. 155-இல் ரோமில் எழுதிய புனித ஜஸ்டின், ஞாயிறு கூடுகையை விவரிக்கும்போதே, வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தை) எடுத்துச் சென்றதையும், திரட்டிய காணிக்கை அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்களுக்குப் போனதையும் சேர்த்தே எழுதுகிறார். கூடுகை கோயில் வாசலோடு முடிந்துவிடவில்லை.

இப்போதைய நடைமுறை: ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நற்கருணைப் பணியாளர் நற்கருணை வைத்த சிமிழோடு நேரே அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் டீக்கடை, காய்கறி எதுவும் கூடாது. ஒருவருக்கு நான்கு வீட்டுக்கு மேல் கொடுத்தால் நான்காவது வீட்டில் அவசரம் தெரியும். போகுமுன் போன் செய்து, சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசுவின் உருவம்), மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர் தயாராக இருக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் ஓடும் அறை என்றால் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. இதை மறக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு முழு அப்பம் கொடுத்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இருமல் வரும். சிறு துணுக்கைக் கிள்ளி, ஒரு கரண்டி தண்ணீரோடு கொடுக்க வேண்டும். தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்த பிறகே. நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் சாப்பிடாதிருக்கும் நோன்பு விதி கிடையாது. பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ பல வாரமாகக் கோயிலுக்கு வரமுடியாதவராக இருப்பார், அவரையும் விட்டுவிடாதீர்கள்.

அன்றைய நற்செய்தியை வாசியுங்கள். அதோடு, அன்று கோயிலில் வாசித்த அறிவிப்புகளையும் சொல்லுங்கள். யாருக்குக் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு), யார் வீட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்பதைக் கேட்கத்தான் படுக்கையில் இருப்பவர் காத்திருப்பார்.

கீழ்ஸ்தாயி:
பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. சபையார் வாய்திறந்து பாடாத ஆராதனை கச்சேரி. காரணம் பெரும்பாலும் சுருதிதான். பாமாலையோ கீர்த்தனையோ, சபை தொடவேண்டிய உச்ச சுரம் 'டி'-யைத் தாண்டக்கூடாது. விடிகாலை ஆராதனைக்கு இன்னும் ஒரு சுரம் இறக்குங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் எதற்கு இருக்கிறது?

அடுத்தது மைக். பாடகர் குழுவுக்கு நான்கு மைக் வைத்து ஸ்பீக்கரைத் திறந்துவிட்டால், பெஞ்சில் இருப்பவருக்குத் தன் குரலும் பக்கத்தில் இருப்பவர் குரலும் கேட்காது. கேட்காதவர் இரண்டாம் சரணத்தில் வாயை மூடிவிடுவார். முதல் சரணத்துக்குப் பிறகு குழு மைக்கைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், வித்தியாசம் அந்த ஞாயிறே தெரியும். கீர்த்தனைக்கு கீபோர்டின் தானியங்கித் தாளத்தைப் போடுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

நேரலை மேசை:
2020 மார்ச்சில் ஆலயங்கள் மூடியபோது அவசரத்துக்குத் தொடங்கிய நேரலை, படுக்கையில் இருப்பவர்களுக்கு இன்றும் உதவுகிறது. ஆனால் மிக்சரிலிருந்து நேராக ஒலி எடுத்தால் போதகரும் பாடகர் குழுவும் மட்டுமே கேட்பார்கள். "ஆமென்" சொல்லும் சபை காணாமல்போகும். நடுக்கூரையில் சபையை நோக்கி ஒரு தனி மைக் தொங்கவிட்டு நேரலைக்கு மட்டும் கலந்துவிடுங்கள், உள் ஸ்பீக்கருக்கு வேண்டாம், ஊளையிடும். பாட்டு எண்களும் வேதபாடங்களும் சனி இரவே வாட்ஸ்அப்பில் போய்விட்டால் வீட்டில் இருப்பவர் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பார். பார்வை எண்ணிக்கையை வருகையோடு கூட்டிக் கமிட்டியில் அறிக்கை வாசிக்காதீர்கள். பாதிப் பேர் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறார்கள்.

சங்கக்கணக்கு:
நைட் டூட்டி நர்ஸ், ஜவுளிக்கடைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு விடுப்பே இல்லை. அவர்களையும் காணாதவர் பட்டியலில் போடுவதா?

மணிக்கூண்டு:
கூடாது. கிழமை கையில் இல்லாதவர்கள் வேறு நாளில் கூடுவது புதிதல்ல. வளைகுடா நாடுகள் பலவற்றில் வார விடுமுறை வெள்ளி என்பதால் தமிழ்ச் சபைகள் அன்று கூடிப் பழகியவை. கத்தோலிக்கருக்குச் சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு திருப்பலிக் கடமையை நிறைவேற்றிவிடும். நம் சபைகளில் மாலை ஆராதனை இருந்தால் அங்கேயும் பார்க்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு ஆராதனை நடக்கும் இடத்தில், காலைப் பட்டியலையும் மாலைப் பட்டியலையும் ஒப்பிட்ட பிறகே போனை எடுங்கள். மாலையில் வந்து போனவரை "காணலையே" என்று கேட்டால், தான் வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை என்பதை அவருக்கு நாமே சொன்னதாகிவிடும்.