கடைசிவரை விசுவாசத்தில் உண்மையாயிருக்க: எங்கே தளரும், எப்படித் தாங்குவது

களுவாஞ்சிக்குடியிலிருந்து

வேதாகமம் மொத்தம் 1189 அதிகாரம். கிழமை நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் கிழமைக்கு 23. 52 கிழமைக்குள் முடிந்துவிடும். ஜனவரி 1இல் தொடங்குகிறவர்கள் பலர் விழுந்துபோவது மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில். இந்தக் கணக்கில் அது ஜனவரி கடைசியில் வரும். நம்ம மட்டக்களப்புப் பக்கம் பெரும்போக வெள்ளாமை வெட்டுத் தொடங்கும் நேரம். பகலெல்லாம் வயல் வட்டைக்குள் நின்றவர் இரவில் பலிமுறைகளை வாசித்தால் கண் சொருகாமல் என்ன செய்யும்?

விட்டதை ஒரேயடியாகப் பிடிக்கப் போகாதீர்கள். பத்து நாள் விட்டால் முப்பதுக்கு மேல் அதிகாரம் சேரும், அந்தப் பாக்கியைப் பார்த்தே வேதத்தை மூடிவைத்துவிடுவோம். அன்றைய பங்கிலிருந்து தொடருங்கள். விட்ட அதிகாரங்களைப் பென்சிலால் குறித்துவைத்தால் வெட்டு முடிந்த மறுகா வாசிக்கலாம். வெட்டுக் காலத்துக்குச் சங்கீதம் மட்டும் வைத்தாலும் போதும்: நாளுக்கு ஐந்து, 30 நாளில் 150.

திருக்கோவிலிலிருந்து

களுவாஞ்சிக்குடி அக்கா சொன்ன அதே வெட்டில்தான் தசமபாகமும், அதாவது விளைச்சலில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுப்பதும், வழுக்கும். வியாபாரி வட்டைக்கே வந்து நிறுப்பான், உரக்கடன், மெசின் கூலி, குத்தகை எல்லாம் கழியும், கையில் வருவது கொஞ்சம். "அடுத்த போகத்தில் சேர்த்துக் கொடுப்போம்" என்போம். சிறுபோகத்தில் தண்ணீர் போதாவிட்டால் அதுவும் போச்சு.

செலவு கழித்தா, கழிக்காமலா என்பதை விதைக்குமுன் வீட்டில் பேசி எழுதிவையுங்கள். காசு கைக்கு வந்தபிறகு அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் எப்போதும் நமக்குச் சாதகமாகவே வரும். கழிக்காமல் என்றால் 20 மூட்டைக்கு 2. தராசு வருமுன்னே தனியே வையுங்கள். நீதிமொழிகள் 3:9 முதற்பலன் என்கிறது. பதர் கலந்ததைச் சபைக்கு ஒதுக்குகிறவர்கள் ஊனமான பலியைக் கண்டிக்கும் மல்கியா 1ஆம் அதிகாரத்தையும் ஒருக்கா பார்க்கட்டும்.

கல்முனையிலிருந்து

கட்டாருக்குப் போகிற தம்பிமாருக்கு: அங்கே ஆராதனைகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. தோஹாவில் கூடுவது மெசைமீர் என்ற இடத்திலுள்ள தேவாலய வளாகத்தில். போகுமுன் போதகரிடம் அறிமுகக் கடிதம் வாங்குங்கள். வெள்ளி ஷிப்ட் விழுந்தால் ஆள் மாற்ற வழியுண்டா என்று முதல் மாதத்திலேயே கேளுங்கள். பிறகு ஓய்வுநாள் என்றால் தூக்கம் என்றே பழகிவிடும்.

புளியந்தீவிலிருந்து

போர், 2004 சுனாமி, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, எல்லாம் கண்டும் மட்டக்களப்பில் சபைகள் கூடுகின்றன. நான் பயப்படுவது வசதி வந்த பிறகுள்ள வருடங்களுக்கு. ஆசா ராஜாவைப் பாருங்கள் (2 நாளாகமம் 14–16). பெரிய எத்தியோப்பியப் படை வந்தபோது கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டவர், ஆட்சியின் 36ஆம் வருடத்தில் கர்த்தரை விட்டு, துணை கேட்டு ஆலயத்து வெள்ளியை எடுத்துச் சீரியாவுக்கு அனுப்பினார். அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனை (தீர்க்கதரிசியை)க் காவலில் வைத்தார். விழுந்ததைவிட, சொன்னவனை அடைத்ததுதான் மோசம். ஆகவே நம்மைக் கண்டிக்க உரிமையுள்ள ஒருவர் எந்த வயதிலும் வேண்டும். முடிந்தால் நம்மிடம் கடன்படாதவர். மெதடிஸ்த சபையில் வருடத் தொடக்கத்தில் கர்த்தருக்கு நம்மை மறுபடி ஒப்புக்கொடுக்க வரும் உடன்படிக்கை ஆராதனை, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிய வெஸ்லி 1755இல் ஆரம்பித்தது, அந்தப் பேச்சுக்கு நல்ல தவணை.

வயதானவர்களுக்கு: கண் மங்குமுன் சங்கீதம் 23, 71, 121 மூன்றையும் மனப்பாடம் செய்யுங்கள். நடமாட்டம் குறைந்தால் வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவரும்படி போதகரிடம் கேட்கலாம். பிள்ளைகள் கேட்பார்கள் என்று காத்திராமல் நீங்களே சொல்லுங்கள், மருந்து குடித்து அயரும் நேரத்தைத் தவிர்த்து ஒரு நாளையும் குறித்துக்கொடுங்கள்.