ஸ்கூலுக்கு அனுப்பாத பெத்தவங்க எல்லாம் பயந்தாங்கொள்ளியா? (கொரோனா காலம், 2021)

ரெண்டுபுள்ளஅம்மா:
நேத்து கொரோனா தடுப்பூசி திரியில கண்ணாடிக்காரன் சார் போட்ட கமெண்ட்டுக்குத்தான் இந்தத் தனித் திரி. "ஸ்கூல் திறந்ததுக்கு அப்புறமும் பிள்ளைய வீட்லயே வச்சிருக்கறவங்க பயந்தாங்கொள்ளிங்க, ஸ்வீடன்ல ஒரு நாள் கூட ஸ்கூல மூடல, அங்க என்ன குடி முழுகிப் போச்சு"ன்னு எழுதியிருக்காரு. சார், என் பெரியவனுக்கு வீஸிங் இருக்கு, வீட்ல மாமியார் டயாலிசிஸ்ல இருக்காங்க, ஸ்கூல்ல இருந்து வந்த சம்மதக் கடிதத்துல "தொற்று ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு கொட்டை எழுத்துல போட்டு என்கிட்ட கையெழுத்து கேக்கறாங்க. பொறுப்பே எடுத்துக்க மாட்டேங்கறவங்க கிட்ட பிள்ளைய விட யோசிச்சா பயந்தாங்கொள்ளியா? அனுப்பறவங்கள நான் ஒரு வார்த்தை சொல்லல. நீங்க மட்டும் எங்கள எப்படி சொல்லலாம்?

கண்ணாடிக்காரன்:
பேரைப் போட்டே திரி ஆரம்பிச்சதுக்கு நன்றி மேடம். நான் உணர்ச்சிவசப்பட்டு எழுதறவன் இல்ல, டேட்டா வச்சுத்தான் பேசுவேன். 2020 மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும், அதாவது ஊசியும் இல்ல ஒண்ணும் இல்லாத காலத்துல, ஸ்வீடன்ல 1 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும் பிள்ளைங்க சுமார் 19.5 லட்சம் பேரு, கொரோனான்னு ஐசியூ போனது 15 பேரு, செத்தது ஒருத்தர் கூட இல்ல. பெரிய மருத்துவப் பத்திரிகையில 2021 ஆரம்பத்துல வந்த கணக்கு இது, வாட்ஸ்அப் ஃபார்வர்ட் இல்ல. அங்க பிள்ளைங்க மாஸ்க் கூட போடல. இதுக்கப்புறமும் பிள்ளைய ரெண்டு வருஷமா ஒரு ரூம்ல மொபைலோட அடைச்சு வைக்கறதுக்கு என்ன பேரு வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க. திரும்பவும் சொல்றேன், ஸ்வீடன் ஒரு நாள் கூட மூடல.

மைனஸ்ஒன்:
மூடினாங்க. 16 வயசுக்கு மேல படிக்கற பிள்ளைங்களுக்கு 2020 மார்ச் 18ல இருந்து ஜூன் நடு வரைக்கும் வீட்ல இருந்துதான் பாடம். டிசம்பர்ல மறுபடி மூடினாங்க. "ஒரு நாள் கூட"ங்கறது பச்சைப் பொய்.

கண்ணாடிக்காரன்:
வந்துட்டாருப்பா. தம்பி, 16 வயசுக்கு மேல போறது ஸ்கூல் கணக்குல வராது. நாம சின்னப் பிள்ளைங்கள பத்தி பேசறோம். ஸ்கூல்னா ஸ்கூல்.

மைனஸ்ஒன்:
11, 12 படிக்கற பிள்ளைங்க எங்க போறாங்க? ஆபீசுக்கா?

கடைசிபெஞ்சு:
நான் 12ல ஸ்கூலுக்குத்தான் போறேன்னு வீட்ல நம்பிட்டு இருந்தாங்க, கண்ணாடி அண்ணன் சொல்லித்தான் தெரியுது அது கணக்குல வராதுன்னு

நைட்ஷிஃப்ட்டு:
பாஸ், ஒரு சின்ன டவுட். "மூடறது"ன்னா என்ன அர்த்தம்னு முதல்ல முடிவு பண்ணிக்கலாமா? கட்டடத்த பூட்டறதா, இல்ல பாதி வகுப்பு மட்டும் வர்றதா, இல்ல ஆன்லைனா? டென்மார்க்ல 2020 ஏப்ரல் 15 அன்னைக்கே சின்ன வகுப்புகளுக்கு திறந்தாங்க, ஆனா சின்னச் சின்ன குழுவா பிரிச்சு, முடிஞ்ச வரைக்கும் வெளியில வச்சு பாடம் நடத்தினாங்க. அதுவும் திறப்புதான், ஒரு ரூம்ல 40 பேர அடைக்கறதும் திறப்புதான். ரெண்டும் ஒண்ணா?

கண்ணாடிக்காரன்:
டென்மார்க் வேற, நான் பேசறது ஸ்வீடன். பேச்சை மாத்தாதீங்க.

வகுப்பாசிரியை:
வணக்கம். எல்லாரும் பிள்ளைங்க பிள்ளைங்கன்னே பேசறீங்க, வகுப்புல பிள்ளைங்க மட்டும்தான் இருக்காங்களா? கண்ணாடிக்காரன் சார் சொன்ன அதே கணக்குல அதே பக்கத்துல ஸ்கூல் டீச்சர்ஸ் 20 பேர் ஐசியூ போனாங்கன்னும் இருக்கு, பாலர் வகுப்பு டீச்சர்ஸ் கணக்கு தனி. அதை ஏன் சார் போடல? பிள்ளைங்களோட 15 மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?

கண்ணாடிக்காரன்:
டீச்சர் மேடம், அதே பக்கத்துல இன்னும் கொஞ்சம் கீழ படிச்சிருந்தா மத்த வேலை பாக்கறவங்களோட ஒப்பிட்டா ஸ்கூல் டீச்சர்ஸ்க்கு ஐசியூ ரிஸ்க் பாதிக்கும் கம்மின்னு எழுதியிருக்கறதும் தெரிஞ்சிருக்கும். பாதி படிச்சிட்டு வர்றது உங்க தொழிலுக்கு அழகில்ல. பிள்ளைங்க பாதி படிச்சா மார்க் குறைப்பீங்கல்ல?

வகுப்பாசிரியை:
நான் முழுசாத்தான் படிச்சேன், உங்கள மாதிரி ஒரு பேப்பரோட நிறுத்திக்கல. அதே ஸ்வீடன்ல இன்னொரு ஆய்வு, 16 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கு வீட்ல இருந்து பாடம் எடுத்த டீச்சர்ஸையும் அதுக்குக் கீழ் வகுப்புக்கு நேர்ல போய் எடுத்த டீச்சர்ஸையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. நேர்ல போனவங்களுக்கு தொற்று ரெண்டு மடங்கு. பிள்ளைங்களோட பெத்தவங்களுக்கும் கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு. இந்த ஆய்வை பண்ணவே முடிஞ்சது எதனால தெரியுமா? பெரிய வகுப்புகளை மூடினதால. மூடாம இருந்திருந்தா எதோட எதை ஒப்பிட்டிருப்பாங்க?

மைனஸ்ஒன்:
அடிச்சாங்க பாருங்க. மூடினாங்க சார். மூடினாங்க.

கண்ணாடிக்காரன்:
16 வயசுக்கு மேல.

ரெண்டுபுள்ளஅம்மா:
என் கேள்விக்கு யாராவது பதில் சொல்றீங்களா? வீஸிங் இருக்கற பையன், டயாலிசிஸ்ல ஒரு பெரியவங்க, ஸ்கூல்ல ஜன்னல் திறக்கறாங்களான்னு கேட்டா "எல்லா நெறிமுறைகளும் பின்பற்றப்படும்"னு ஒரு மெசேஜ் வருது. கை கழுவ சோப்பு வச்சிருக்கோம், வாசல்ல நெத்தியில சூடு பாக்கறோம்னு போட்டோ அனுப்பறாங்க. அறிகுறியே இல்லாத பிள்ளைக்கு நெத்தியில என்ன தெரியும்? வகுப்பறை போட்டோ ஒண்ணு கூட அனுப்பல.

நைட்ஷிஃப்ட்டு:
மேடம் கேக்கறதுதான் சரியான கேள்வி. இஸ்ரேல்ல 2020 மே மாசம் ஸ்கூல் எல்லாம் திறந்தாங்க. ஜெருசலேம்ல ஒரு உயர்நிலைப் பள்ளியில பிள்ளைங்க 153 பேர், ஸ்டாஃப் 25 பேருக்கு வந்துடுச்சு. அந்த நேரம் பயங்கர வெயில், அதனால மாஸ்க் வேணாம்னு சில நாள் தளர்த்திட்டாங்க, ஒவ்வொரு வகுப்புலயும் 35க்கு மேல பிள்ளைங்க, ஏசி ஓடிட்டே இருந்துச்சு. காத்து வெளிய போக வழி இல்ல. திறந்ததுல தப்பு இல்ல, எப்படி திறந்தாங்கங்கறதுலதான் விஷயம். சோப்பு, நெத்தி தெர்மாமீட்டர் எல்லாம் பெத்தவங்க பாக்கறதுக்காக வைக்கறது, காத்துக்கு ஜன்னல்தான் வேணும்.

கண்ணாடிக்காரன்:
ஒரு ஸ்கூல்ல நடந்ததை வச்சு உலகத்தையே மூடச் சொல்றீங்க. நீங்க எல்லாரும் சௌகரியமா ஒண்ணை மறந்துட்டீங்க. 2020 ஏப்ரல்ல 190 நாட்டுக்கு மேல, சுமார் 160 கோடி பிள்ளைங்க ஸ்கூல் இல்லாம இருந்தாங்கன்னு யுனெஸ்கோவே சொல்லிச்சு. உகாண்டால 2020 மார்ச்ல மூடினது, நடுவுல சில வகுப்புக்கு மட்டும் திறந்து, மறுபடி மூடி, 2021லயும் முழுசா திறக்கல. அந்தப் பிள்ளைங்க எத்தனை பேர் திரும்பி வருவாங்க, எத்தனை பேர் வேலைக்குப் போயிருப்பாங்க, எத்தனை பொண்ணுங்களுக்கு கல்யாணம் ஆகியிருக்கும்? வைரஸ் மட்டும்தான் ரிஸ்க்குன்னு நினைக்கறவங்களுக்கு வீட்ல வைஃபை இருக்கு, அதான் விஷயம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாம மூணாவதுக்குப் போற பிள்ளைங்களுக்கு எந்த ஆய்வாளரும் வந்து பாடம் எடுக்க மாட்டாரு. 1918 ஃப்ளூ வந்தப்போ நியூயார்க், சிகாகோ ரெண்டு ஊர்லயும் ஸ்கூல திறந்துதான் வச்சிருந்தாங்க, நெரிசலான வீட்ல இருக்கறத விட ஸ்கூல்ல நர்ஸ் கண்ணுல படறது நல்லதுன்னு. நூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த புத்தி இன்னைக்கு இல்ல.

மைனஸ்ஒன்:
அமெரிக்காவுல மத்த பெரிய ஊரெல்லாம் மூடினதை விட்டுட்டீங்க. சரி, 1918ல கூட மூடின ஊர் இருந்துச்சு, 2020ல ஸ்வீடன் கூட மூடிச்சு.

கடைசிபெஞ்சு:
தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு ரெண்டு பேரும் நிக்கறாங்க, முயல் ஸ்வீடனுக்கு ஓடிப் போயிடுச்சு

கண்ணாடிக்காரன்:
@கடைசிபெஞ்சு காமெடி பண்ணத்தான் வர்றதுன்னா சினிமா திரிக்குப் போங்க தம்பி. இங்க பெரியவங்க பேசிட்டு இருக்கோம்.

கடைசிபெஞ்சு:
அண்ணே, போன வருஷம் கூரியர் கவரை எல்லாம் மூணு நாள் வெயில்ல காய வச்சுத்தான் பிரிக்கணும்னு திரி போட்டது யாரு? நான் அப்பவும் காமெடின்னுதான் சொன்னேன், என் கமெண்ட்டை புகார் பண்ணி தூக்க வச்சீங்க. ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

கண்ணாடிக்காரன்:
அப்போ உலகமே அப்படித்தான் சொல்லிச்சு. அறிவியல் மாறும், நானும் கூடவே மாறுவேன். நீங்க ஸ்கிரீன்ஷாட் சேத்து வைங்க, வேற வேலை இல்லாதவங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

நைட்ஷிஃப்ட்டு:
அறிவியல் மாறும்னா ஸ்வீடன் பாடமும் மாறலாமே பாஸ். உங்க 15 பேர் கணக்கு 2020 முதல் அலை. இப்ப 2021ல ஓடறது டெல்டாங்கற உருமாறின கொரோனா. தவிர, ஐசியூல எண்ணினது மட்டும்தானா பாதிப்பு? லேசா வந்து போன பிள்ளைக்கு ரெண்டுல இருந்து ஆறு வாரம் கழிச்சு காய்ச்சல், கண் சிவப்பு, வயித்து வலின்னு உடம்பு பூரா அழற்சி வர்றது அபூர்வம்தான், ஆனா வர்றவங்களுக்கு அபூர்வம் இல்ல. 12 வயசுக்குக் கீழ பெரும்பாலான நாட்ல இந்த 2021ல இன்னும் ஊசியே கிடையாது.

கண்ணாடிக்காரன்:
அந்த 15ல அதுவும் சேத்திதான் எண்ணியிருக்காங்க. படிச்சிட்டு வாங்க. எனக்கு என்ன புரியலன்னா, இதே பெத்தவங்க பிள்ளைய கடைக்குக் கூட்டிட்டுப் போறாங்க, சொந்தக்காரங்க விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க, சாயங்காலம் தெருவுல விளையாட விடறாங்க. ஸ்கூல்னு வரும்போது மட்டும் வைரஸ் ஞாபகம் வருது.

ரெண்டுபுள்ளஅம்மா:
நான் எங்கயும் கூட்டிட்டுப் போகல சார். தெரியாம பேசாதீங்க. நீங்க உங்க பிள்ளைய அனுப்பறீங்களா?

கண்ணாடிக்காரன்:
என் பையன் காலேஜ் படிக்கறான். அது இங்க சம்பந்தமில்லாத விஷயம்.

மைனஸ்ஒன்:
ஹாஹாஹா. 16 வயசுக்கு மேல!!! ஆன்லைன் கிளாஸ்தானே போறான்? அப்போ உங்க வீட்லயும் மூடினதுதான் போல.

வகுப்பாசிரியை:
ஊருக்குத்தான் உபதேசம். இதை முதல் கமெண்ட்லயே சொல்லியிருக்கலாமே சார்.

கண்ணாடிக்காரன்:
குடும்பத்தை இழுக்காதீங்க. வாதம் தீர்ந்தவங்க செய்யற வேலை அது. @வகுப்பாசிரியை மேடம், உங்களுக்கு ஸ்கூல் திறக்காம இருந்தா வசதிதானே? வீட்ல உக்காந்து வீடியோ லிங்க் அனுப்பிட்டா பாடம் முடிஞ்சுது.

வகுப்பாசிரியை:
வசதியா?? ஒரே போன் உள்ள வீட்ல அப்பா வேலை முடிஞ்சு வந்த அப்புறம்தான் பிள்ளை பாடத்தைப் பாக்க முடியும், அவங்களுக்காக ராத்திரி உக்காந்து சந்தேகம் தீத்து வைக்கறது யாருன்னு நினைச்சீங்க? எனக்கும் வகுப்புக்குப் போய் நின்னு பாடம் எடுக்கத்தான் ஆசை. ஊசி போட்டுட்டேன், ஜன்னல திறந்து வைங்க, பாதிப் பாதியா வரச் சொல்லுங்க, நாளைக்கே வர்றேன். நீங்க பெத்தவங்கள பத்தி மட்டும் பேசுங்கன்னா பேசறேன். ஆன்லைன் பரீட்சையில கேமராவை ஆஃப் பண்ணிட்டு பக்கத்துல உக்காந்து பதில் சொல்லிக் குடுக்கறது பிள்ளைங்களா, பெத்தவங்களா?

ரெண்டுபுள்ளஅம்மா:
மேடம், நீங்களுமா? நான் அப்படி பண்ணதே இல்ல. நெட் போயிடுச்சுன்னா கேமரா தானா ஆஃப் ஆகும், அதுக்கு என் பையனை வகுப்புக்கு முன்னாடி நிக்க வச்சு திட்டினாங்க ஒரு டீச்சர். எல்லா பெத்தவங்களையும் ஒரே மாதிரி பேசாதீங்க.

வகுப்பாசிரியை:
நான் உங்கள சொல்லலம்மா. ஆனா திட்டினாங்கன்னா அதுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்.

ரெண்டுபுள்ளஅம்மா:
என்ன காரணம்? வீஸிங் வந்த பையன் தண்ணி குடிக்க எழுந்து போனதா?

கண்ணாடிக்காரன்:
பாத்தீங்களா, ஆன்லைன் கிளாஸ்னால எவ்வளவு பிரச்சனைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் சொன்னா மட்டும் கசக்குது. அமெரிக்காவுல 2021 மார்ச்ல வகுப்பறை இடைவெளி 6 அடி வேணாம், மாஸ்க் போட்டா 3 அடி போதும்னு மாத்திட்டாங்க. எதுக்கு? 6 அடின்னா பாதிப் பிள்ளைங்க வெளிய நிக்கணும்னு புரிஞ்சுதான். எல்லா நாடும் கடைசியில ஸ்வீடன் வழிக்குத்தான் வருது.

மைனஸ்ஒன்:
மாஸ்க் போட்டா 3 அடின்னு நீங்களே எழுதறீங்க. முதல் கமெண்ட்ல அங்க மாஸ்க் கூட போடலன்னு பெருமைப்பட்டீங்க. எது ஸ்வீடன் வழி? 2021 ஜனவரியில 13ல இருந்து 16 வயசு பிள்ளைங்களுக்கும் வீட்ல இருந்து பாடம் நடத்தலாம்னு ஸ்வீடன்லயே அனுமதி குடுத்தாங்க. அது 16க்குக் கீழ சார். கீழ.

கண்ணாடிக்காரன்:
அனுமதி குடுத்தாங்க. மூடச் சொல்லல. தமிழ் புரியும்ல?

நெறியாளர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். சில பதிவுகள் நீக்கப்பட்டன. தலைப்பை ஒட்டிப் பேசவும்.

நைட்ஷிஃப்ட்டு:
நெறியாளரே, நான் ஜன்னல் பத்தி, பெத்தவங்க ஸ்கூல்ல என்னென்ன கேக்கணும்னு நீளமா ஒண்ணு எழுதியிருந்தேன், அதைக் காணோம். அதுல யாரைத் தாக்கினேன்?

கடைசிபெஞ்சு:
ஜன்னலைத் தாக்கியிருப்பீங்க

கண்ணாடிக்காரன்:
நெறியாளர் நடவடிக்கைக்கு நன்றி. நான் இதுவரைக்கும் போட்ட எல்லாத்தையும் சேத்து தனித் திரியா போடறேன், ரெண்டு பாகமா வரும். மைனஸ்ஒன் தம்பி அங்க வந்து 16, 16னு ஆரம்பிக்க வேணாம்னு இப்பவே கேட்டுக்கறேன்.

மைனஸ்ஒன்:
லிங்க் போடுங்க, வர்றேன்.